ஜூனிபர் போன்சாய் வாங்குமுன் சீட்டை விட்டு இலையைப் பாருங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் தோட்டப்பொருள் கடைகளின் வாசலில் வரிசையாக அடுக்கி விற்கும் சின்னத் தொட்டிகளில் பெரும்பாலும் "ஜூனிபர் போன்சாய்" என்று ஒரே ஒரு சீட்டுதான் செருகியிருக்கும். மல்கோவாவையும் கிளிமூக்கையும் ஒரே கூடையில் கொட்டி "மாம்பழம்" என்று எழுதி வைத்தது போன்ற சீட்டு அது. ஜூனிபர் பேரினத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. போன்சாய்க்குப் பழகியவை அவற்றில் ஒரு டஜன் தேறும். அவற்றுக்குள் ரகங்கள் வேறு. ஒன்றுக்கு நுனி கிள்ளுவது நல்லது, இன்னொன்றுக்கு அதுவே கேடு. ஒன்று வெறுங்கிளையிலும் துளிர்க்கும். இன்னொன்று பச்சை போன கிளையை அப்படியே கைவிட்டுவிடும். ஆகவே பெயர் தெரியாமல் வாங்கினால் வளர்ப்பு முறையும் தெரியாமல் வாங்கியதாகத்தான் ஆகும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ரகங்களை எப்படி அடையாளம் காண்பது, எது கொடுத்த காசுக்குத் தகும் என்பதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கையில் வேண்டியவை இரண்டு: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு வெள்ளைத் தாள்.

முதலில் இலையின் வகை. ஜூனிபரில் இரண்டு விதமான இலைகள் உண்டு. கூரான ஊசி இலை ஒன்று. தண்டோடு ஒட்டிப் படிந்து, பின்னிய கயிறு போலத் தெரியும் செதில் இலை மற்றொன்று. பல இனங்களில் இளஞ்செடி ஊசி இலையோடு தொடங்கி, முதிர்ந்தபின் செதிலுக்கு மாறும். சில இனங்கள் ஆயுள் முழுக்க ஊசியாகவே இருக்கும். ஊசியாக இருந்தால் அது தண்டில் சேரும் இடத்தை லென்ஸில் பாருங்கள். அடியில் மூட்டு போல ஒரு கணு தெரிந்து, ஊசி தண்டிலிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றால் அது தோஷோ என்ற ஜப்பானிய இனம், அல்லது சாதாரண ஜூனிபர் என்றே பெயர் கொண்ட ஐரோப்பிய இனம். ஊசியின் அடிப்பகுதி மூட்டில்லாமல் தண்டோடு வழிந்து இறங்கினால் மற்ற எல்லாமும் அந்தப் பக்கம். இந்த ஒரு பார்வையிலேயே குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பூவையோ காயையோ தேட வேண்டியதில்லை. போன்சாய்த் தொட்டியில் அவை கிடைப்பதும் அரிது.

இனி ரகங்கள். கடைகளில் முதலில் கண்ணில் படுவது புரோகும்பென்ஸ் நானா. ஜப்பானின் தெற்குக் கடலோரத்தைச் சேர்ந்த படரும் ஜூனிபரின் குட்டை வடிவம் இது. அமெரிக்கக் கடைகளில் பெயரில்லாமல் விற்கும் ஜூனிபர் போன்சாயில் பெரும்பகுதி இதுதான். இலை ஊசியாகவே இருக்கும். மும்மூன்றாக, நெருக்கமாக, அரை சென்டிமீட்டரை ஒட்டிய நீளத்தில். தொட்டால் குத்தும், ஆனால் கீறாது. நிறம் நீலம் கலந்த பச்சை. உறுதி செய்ய ஓர் எளிய அடையாளம் உண்டு: ஊசியைத் திருப்பி அதன் வெளிப்பக்கத்தை, அதாவது தண்டைப் பாராத பக்கத்தை, லென்ஸில் பார்த்தால் அடியருகே இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். உட்பக்கம் வெண்மை பூத்து, நடுவில் பச்சை நரம்பு ஓடும். கிளை நுனிகள் தரையோடு கிடக்காமல் சற்றே மேல்நோக்கி எழும்பியிருக்கும். "கிரீன் மவுண்ட்" என்ற பெயரில் வருவதும் ஏறக்குறைய இதேதான். தொட்டிச் செடியில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முயல்வது வீண்வேலை.

மலிவு, தாங்கும் திறன், எந்தப் பக்கம் கம்பி கட்டினாலும் வளையும் தண்டு என்று புரோகும்பென்ஸுக்கு நல்ல குணங்கள் பல. தொங்கு வடிவத்துக்கு இதைவிடச் சுலபமான செடி தொடக்கக்காரருக்குக் கிடைக்காது. குறை தண்டில். பருமன் ஏற மிக நாளாகும். பென்சில் பருமனில் வாங்கிச் சின்னத் தொட்டியிலேயே வைத்திருந்தால் பல ஆண்டு கழித்தும் ஏறத்தாழ அதே பருமன்தான். தண்டு பருக்க வேண்டுமானால் பெரிய தொட்டியிலோ தரையிலோ விட்டுக் கட்டுப்பாடின்றி வளர்க்க வேண்டும். ஆகவே இந்த ரகத்தில் காசு கொடுக்க வேண்டியது அடித்தண்டின் பருமனுக்கு. நர்சரியின் நிலச்செடிப் பகுதியில், போன்சாய் என்ற பெயரே இல்லாமல், கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் இதே செடி இரண்டு மூன்று மடங்கு தடித்த அடியோடு நிற்கும். விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். மேல்மண்ணை விரலால் ஒதுக்கி அடியைப் பார்த்து எடுங்கள். நல்ல தண்டு பல நேரம் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் புதைந்திருக்கும்.

இதோடு அடிக்கடி குழம்புவது ஹாரிசான்டாலிஸ் என்ற வட அமெரிக்கப் படர் ஜூனிபர். "ப்ளூ ரக்" என்ற ரகம் எங்கும் கிடைக்கும். இலை சிறியது, தண்டோடு ஒட்டியது, வெள்ளி கலந்த நீலம். குளிர்காலத்தில் ஊதா நிறமேறும். நவம்பருக்குப் பிறகு கடைக்குப் போனால் இந்த நிறமே காட்டிக்கொடுத்துவிடும். நிலத்தை மூட அருமையான செடி. போன்சாய்க்கு, நீண்டு மெலிந்த கிளைகளும் அவற்றில் இடைவெளி விட்டு வரும் பக்கக்கிளைகளும் தொல்லை. புரோகும்பென்ஸ் கிடைக்கும் இடத்தில் இதை எடுக்கக் காரணம் இல்லை.

ஷிம்பாக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், காசு அதிகம் புழங்குவதும் ஏமாற்றம் அதிகம் நேர்வதும் இதில்தான். சீன ஜூனிபரின் சார்ஜென்டீ என்ற வடிவம் இது. ஆர்னால்டு தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த சார்ல்ஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட் 1892இல் ஜப்பானுக்குப் போனபோது சேகரித்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் போன்சாய்க்காரர்கள் இதை ஊர்ப் பெயரால் பிரிப்பார்கள். நிகாடா மாநிலத்து இடோய்காவா, இன்றைய வாக்கயாமாவும் மியெயின் ஒரு பகுதியும் சேர்ந்த பழைய கிஷு நாடு, ஷிகோக்கு தீவின் தோசா. இடோய்காவாவின் செங்குத்துப் பாறைகளில் கயிற்றில் தொங்கி மரம் எடுத்தவர்களில் உயிரை விட்டவர்களும் உண்டு. அந்தக் காட்டு மரங்கள் ஏறத்தாழ தீர்ந்துவிட்டன. இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் தண்டுத்துண்டில் வேர்விடச் செய்து வளர்த்தவை.

அடையாளம்: செதில் இலைகள் எதிரெதிர் இணையாக அடுக்கி, நான்கு வரிசையாகத் தெரியும். துளிர் உருண்டு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமனில் நூல்கயிறு போல இருக்கும். உள்ளங்கையில் அழுத்தினால் மெத்தென்று இருக்கும், எங்கும் குத்தாது. தளர்ந்த மேற்பட்டையைத் தேய்த்து எடுத்தால் உயிருள்ள பகுதி செம்பழுப்பாகத் துலங்கும். அதன் பக்கத்தில் வெளுத்த பட்டமரம், அதாவது பட்டை உரிந்து செத்த மரப்பகுதி, நிற்கும்போது வரும் எழிலுக்காகத்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

இடோய்காவாவையும் கிஷுவையும் தனித்தனியாகக் காட்டினால் பிரிப்பது சிரமம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். இடோய்காவா மெல்லிய துளிர், வெளிர்ந்த பளிச்சென்ற பச்சை, நெருக்கமான மெத்தை. கிஷு சற்றுத் தடித்த துளிர், நீலம் கலந்த அடர்பச்சை. தோசா இரண்டையும்விட முரடு. ஆனால் நிழலில் வைத்த இடோய்காவா நீண்டு தளர்ந்துவிடும், உரம் அதிகம் பெற்ற இடோய்காவா கிஷு போலத் தடிக்கும். இரண்டு செடியும் ஒரே வெயிலில் ஒரே பராமரிப்பில் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். பெரிய மரமாக வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: இலை இடோய்காவா என்பதால் தண்டும் இடோய்காவா என்று ஆகாது. முரட்டு இலை கொண்ட பழைய மரத்தில் இடோய்காவாவை ஒட்டுக்கட்டி, இலை முழுவதையும் மாற்றிவிடுவது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வழக்கமான தொழில்முறை. அதில் மோசடி ஏதும் இல்லை, நல்ல வேலைதான். ஆனால் முதன்மைக் கிளைகளின் அடியில் வீக்கமோ பட்டையின் நிறம் சட்டென்று மாறும் இடமோ தெரிந்தால் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். ஒட்டு முழுதாகச் சேர்ந்து, தாய்க்கிளையின் பழைய இலை எல்லாம் நீக்கப்பட்டிருக்க வேண்டும். மிச்சமிருந்தால் வீரியமான பழைய இலை ஒட்டைப் பின்தள்ளிவிடும்.

ஷிம்பாக்கு என்ற சீட்டோடு அடிக்கடி வரும் வேறு செடி கைசுகா. ஜப்பானில் வேலிச்செடியாக நிறைய வைப்பார்கள். அமெரிக்காவில் "ஹாலிவுட் ஜூனிபர்" என்பார்கள். கிளைகள் முறுக்கிக்கொண்டு தீச்சுடர் போல மேலெழும், துளிர் ஷிம்பாக்குவைவிடத் தடிமன். இதை ஒட்ட வெட்டினால் வெட்டிய இடத்தில் கூரான ஊசி இலை கொத்தாக எழும். நல்ல ஷிம்பாக்குவும் கடுமையாக வெட்டப்பட்டாலோ ஒரே நேரத்தில் வேரும் இலையும் அதிகம் இழந்தாலோ ஊசிக்குத் திரும்பும். ஆனால் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் ஓரிரு ஆண்டில் செதிலுக்கு மீளும். ஆகவே கடையில் ஷிம்பாக்குவின் மேல் ஊசி இலைத் திட்டுகள் நிறையத் தெரிந்தால், ஒன்று அது கைசுகா, அல்லது சமீபத்தில் அடிபட்ட செடி. முழுவிலை கொடுக்க இரண்டுமே தகுதியில்லை.

ஊசியும் செதிலும் ஒரே கிளையில் கலந்தே இருப்பது இயல்பாக உள்ள ரகம் சான் ஹோசே. கலிஃபோர்னியாவின் அந்த நகரத்து நர்சரியிலிருந்து வந்த சீன ஜூனிபர் ரகம். சாம்பல் பூத்த பச்சை, முரட்டு இலை, தொட்டால் எரிச்சல். இலையழகு குறைவு என்பதால் பலர் ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. தண்டு வேகமாகப் பருக்கும், சுளுக்கு விழுந்தாற்போலத் திரும்பும், பட்டமரம் செதுக்க நன்றாக இடம் கொடுக்கும். குறைந்த விலையில் முதிர்ந்த தண்டு வேண்டுவோர் இதைத் தேடலாம். இலை பிடிக்காவிட்டால் பின்னாளில் கிஷுவை ஒட்டுக்கட்டவும் முடியும். கையுறை மட்டும் மறக்காதீர்கள்.

தோஷோவுக்கு ஜப்பானில் நெசுமிசாஷி என்றும் பெயர். எலிகுத்தி என்று பொருள். எலி வரும் வழியில் இந்தக் கிளைகளை வைப்பார்களாம். கையால் இறுக்கிப் பிடித்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று உடனே விளங்கிவிடும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து இரண்டரை வரை நீளும் விறைத்த ஊசிகள், மும்மூன்றாக, அடியில் மூட்டோடு. ஊசியின் உட்பக்கம் ஆழமான பள்ளம். பள்ளத்துக்குள் ஒடுங்கிய ஒரே ஒரு வெள்ளைக் கோடு. இதன் ஐரோப்பிய உறவான சாதாரண ஜூனிபருக்கும் மூட்டு உண்டு, ஒரே வெள்ளைப் பட்டை உண்டு. ஆனால் அது அகன்ற பட்டை, பள்ளம் ஆழமில்லை. இரண்டையும் பிரித்தறிவது பராமரிப்புக்கு முக்கியம். தோஷோ வெறுங்கிளையிலும் துளிர்க்கும். வளரும் பருவத்தில் நீளும் துளிர்களை அவ்வப்போது விரலால் கிள்ளலாம், கிள்ளக் கிள்ள அடர்த்தி கூடும். சாதாரண ஜூனிபரோ வேரைத் தொட்டால் சுணங்கும். குளிர்காலத்தில் கிளைகளை வளைத்தால் அந்தக் கிளையே காய்ந்துபோவதுண்டு, வளரும் பருவத்தில்தான் அந்த வேலை. அதன் காய்தான் ஜின் மதுவுக்கு மணம் கொடுப்பது. அந்தப் புகழுக்காக இதை முதல் போன்சாயாக வாங்க வேண்டாம்.

எஃகு நீல நிறத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக நிற்கும் "ப்ளூ ஸ்டார்" பார்த்ததும் ஆசையைக் கிளப்பும். ஸ்குவாமாட்டா இனம், "மேயரி" என்ற ரகத்தில் தோன்றிய மாற்றுக்கிளையிலிருந்து வந்தது. ஊசி மூட்டில்லாமல் தண்டில் வழியும். உள்ளே எட்டிப் பார்த்தால் செத்த ஊசிகள் உதிராமல் பழுப்பாக ஒட்டியிருக்கும். அதுவே அடையாளம், அதுவே இதன் பெருந்தொல்லை. ஒவ்வோர் ஆண்டும் இடுக்கியால் சுத்தம் செய்ய வேண்டும், உட்பகுதியில் துளிர்ப்பு மிகக் குறைவு. படத்தில் அழகாக இருக்கும் செடி. போன்சாயாகத் தொடர்ந்து நடத்துவது கடினம்.

ஐரோப்பாவில் சபினா என்ற ஜூனிபர் இனமும் கிடைக்கும். நுனியைக் கசக்கி முகர்ந்தால் மூக்கைச் சுளிக்க வைக்கும் காட்டமான நாற்றம் வேறு எதையும் நினைக்கவிடாது. நச்சுச் செடி, கசக்கிய கையைக் கழுவுங்கள். ஆனாலும் ஸ்பெயின் மலைகளிலிருந்து வந்த சபினாக்களின் முறுக்குத் தண்டுகள் ஐரோப்பியப் போன்சாயின் பெருமைகளில் ஒன்று.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மலையிலிருந்து எடுத்த மரங்கள் விற்பனைக்கு வரும். செதில்கள் இணையாக இல்லாமல் மும்மூன்றாக அடுக்கி, துளிர் தடித்திருந்தால் கலிஃபோர்னியா ஜூனிபர் அல்லது சியரா ஜூனிபர். சியராவில் செதிலின் முதுகில் பிசின் துளி பளிச்சென்று தெரியும். இணை இணையாக, மெலிந்து, சாம்பல் நீலமாக இருந்தால் ராக்கி மலை ஜூனிபர். கிழக்கே கிடைக்கும் வர்ஜீனியானா என்ற இனத்தைச் சீன ஜூனிபரிலிருந்து பிரிக்க இளம் ஊசியைப் பாருங்கள்: வர்ஜீனியானாவில் பெரும்பாலும் இரண்டிரண்டாக, சீனத்தில் பெரும்பாலும் மும்மூன்றாக. முதிர்ந்த செதிலின் முனை முன்னதில் கூர், பின்னதில் மழுங்கல். மலையிலிருந்து எடுத்த மரம் என்றால் எடுக்க அனுமதிச் சீட்டு இருந்ததா, தொட்டிக்கு வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற இரண்டு கேள்விகளுக்கும் விற்பவர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்.

ரகம் தெரிந்தபின் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். இது விளையாட்டாகச் சொல்வதில்லை. வேர் செத்த ஜூனிபர் பல வாரம் பச்சையாகவே நிற்கும். நுனியை வளைத்தால் துவண்டு வளைய வேண்டும், முறிந்து பொடிந்தால் விட்டுவிடுங்கள். பளபளப்பு குன்றிச் சாம்பல் படர்ந்த பச்சையும் ஆபத்து அறிகுறி. கிளையை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். மிளகுத்தூள் போல விழுந்து, சில நொடியில் நகரத் தொடங்கினால் செஞ்சிலந்திப்பூச்சி. இந்தப் பூச்சி இருந்தால் மற்ற செடிகளோடு சேர்க்காமல், தண்ணீரை இலைக்கு அடியிலிருந்து வேகமாகப் பீய்ச்சி, வாரத்துக்கொரு முறை மீண்டும் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுத் துளிர் நுனி மட்டும் சாம்பலாகக் காய்ந்து, உயிருள்ள பகுதியோடு சேரும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் ஃபோமோப்சிஸ் என்ற பூஞ்சை; இலை ராத்திரி முழுக்க ஈரமாகவே இருப்பதால் வருவது. வசந்த மழையில் கிளையில் ஆரஞ்சு நிற ஜெல்லி போன்ற கொம்புகள் முளைத்தால் துருநோய். பேரி மரத்துக்கும் ஜூனிபருக்கும் இடையே மாறி மாறி வாழும் நோய் அது. ஜப்பானில் பேரி விளையும் சில ஊர்களில் ஜூனிபர் நடவே கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள்.

கடைச்செடியின் மூன்று குறைகள் ரகத்தைப் பொறுத்தவை அல்ல. மேல்மண்ணில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்; தண்ணீர் உள்ளே இறங்காது, மண் காய்ந்ததா என்றும் தெரியாது. வாங்கிய அன்றே நெம்பி எடுத்துவிடுங்கள். தொட்டியின் அடியில் துளை இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். மூன்றாவது, "வீட்டுக்குள் வைக்கலாம்" என்ற வாசகம். எந்த ஜூனிபரும் வீட்டுக்குள் நிலைக்காது. வெயிலும் காற்றோட்டமும் குளிர்கால ஓய்வும் இதற்கு உணவு போல. மேசை மேல் இரண்டு மாதம் பச்சையாக இருந்தது என்று சொல்பவர் பார்த்தது, மேலே சொன்னபடி, செத்தபின்னும் மாறாத பச்சையைத்தான்.

வாங்கியபின் முதல் பருவத்தில் ஒரே ஒரு பெரிய வேலைதான் செய்யலாம்: தொட்டி மாற்றுவது அல்லது வடிவம் கொடுப்பது. தொட்டி மாற்ற வசந்தத் தொடக்கம் நல்லது. மண் கலவைக்கு அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் குருணை, பியூமிஸ் என்ற நுரைக்கல், எரிமலைக்கல் மூன்றும் சம அளவு. தூளைச் சலித்துவிட வேண்டும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்காதீர்கள், பழைய மண்ணை முழுதாகக் கழுவி வேரை வெறுமையாக்காதீர்கள். கவாத்தில் எந்தக் கிளையிலும் பச்சை மிச்சம் இருக்க வேண்டும். தோஷோ நீங்கலாக மற்றவை வெறுங்கட்டையில் துளிர்க்கும் என்று நம்பி வெட்டினால் அந்தக் கிளை போய்விடும். ஷிம்பாக்குவின் நுனிகளை நகத்தால் கிள்ளும் பழக்கம் பழைய கையேடுகளிலிருந்து இன்னும் தொடர்கிறது. செடியின் வலு வளரும் நுனியில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து கிள்ளினால் பழுப்புத் தட்டி, செடி ஆண்டுக்காண்டு மெலியும். நீண்ட துளிர்களை மட்டும், பின்னால் பக்கத்துளிர் உள்ள இடத்தில், கத்தரியால் வெட்டுங்கள்.

நம் ஊர் நர்சரிகளில் வாங்குவோர் இன்னொரு சோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் துஜா என்ற வேறு செடியும் ஜூனிபர் என்ற பெயரில் கை மாறுகிறது. துஜாவின் கிளைநுனி விசிறி போலத் தட்டையாக, செங்குத்தாக நிற்கும். விரலிடையில் உருட்டினால் உருளாது. சீன ஜூனிபரின் துளிர் உருளும். காய் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: துஜாவின் காயில் வளைந்த கொம்புகள் உண்டு, காய்ந்தால் பிளக்கும், ஜூனிபரின் காய் உருண்டைப் பழம் போல, பிளக்காது. சமவெளியில் ஜூனிபர் வேண்டுமென்றால் சீன ஜூனிபர் ரகங்களைத்தான் தேட வேண்டும். தைவானிலும் இந்தோனேசியாவிலும் அவற்றை ஏராளமாக வளர்க்கிறார்கள். தோஷோவையும் சாதாரண ஜூனிபரையும் மலையூர்களுக்கு விட்டுவிடலாம்.

அசல் ஷிம்பாக்குவைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள விரும்புவோர் ஜப்பான் போனால் சைதாமாவின் ஒமியாவுக்குப் போகலாம். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த போன்சாய்க்காரர்கள் 1925இல் அமைத்த ஊர். 2010இல் திறந்த அருங்காட்சியகத்தில் மரத்துக்கு மரம் இனப்பெயர் எழுதியிருப்பார்கள். ஷிம்பாக்குவையும் தோஷோவையும் முதிர்ந்த மரங்களாகப் பார்த்துவிட்டு வந்தால், கடையில் துளிரைத் தொடும்போதே கை சொல்லிவிடும். வாங்கிய செடிக்கு வீட்டில் புதுச் சீட்டு ஒன்று செருகுங்கள்: இனம், ரகம், வாங்கிய மாதம், கடைசியாகத் தொட்டி மாற்றிய ஆண்டு. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஒரு கோடையிலேயே வெளுத்துவிடும்.